தீயணைப்பு வண்டி நுழைய முடியாத தெருக்கள்

புது தில்லி: 2019 டிசம்பர் 8-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. தலைநகரின் ராணி ஜான்சி சாலையை ஒட்டியுள்ள அனாஜ் மண்டிப் பகுதியில், பொழுது புலர்வதற்கு முன்பே ஒரு பல மாடிக் கட்டடத்தில் தீப்பற்றியது. பைகள் தைக்கும் பட்டறை போன்ற சிறு தொழிற்கூடங்கள் அதன் தளங்களில் இயங்கி வந்தன. வேலை செய்த இடத்திலேயே தொழிலாளர்கள் உறங்கினர். பெரும்பாலோர் பிகாரிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். 43 பேர் மாண்டனர். தீயில் கருகியவர்களைவிடப் புகையில் மூச்சுத் திணறி இறந்தவர்களே மிகுதி.

தகவல் கிடைத்ததும் தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்தன என்பதில் ஐயமில்லை. சாலை வரை வந்தன. அதற்கப்பால் சந்து. வரிசையாக வந்த வண்டிகள் அதில் சேர்ந்து நுழைய வழியில்லை. வீரர்கள் ஜன்னல் கம்பிகளை அறுத்து உள்ளே இறங்கினர். மயங்கிக் கிடந்தவர்களைத் தோளில் சுமந்து சந்தைக் கடந்து சாலைக்குக் கொண்டுவந்தனர். ஆம்புலன்ஸ் நிற்கும் இடம் வரை ஒவ்வோர் உயிரும் இப்படித்தான் போய்ச் சேர வேண்டியிருந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர் என்பது அந்த வீரர்களின் துணிவுக்குச் சான்று.

இதற்கு நான்கு நாள் முன்புதான், டிசம்பர் 4-ஆம் தேதி, தில்லியின் 1,731 அங்கீகாரமற்ற குடியிருப்புகளில் வசிப்போருக்குச் சொத்துரிமை அளிக்கும் மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியிருந்தது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சிகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது அபூர்வம், இதில் ஒத்துப்போயின. பயன்பெறுவோர் 40 லட்சம் பேர் என அரசு கூறியது. அடுத்த சில வாரங்களில் தில்லி சட்டப்பேரவைத் தேர்தல் வரவிருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அனாஜ் மண்டி பழைய நகரப் பகுதி. அந்த 1,731 பட்டியலில் சேர்ந்ததன்று. ஆயினும் அதே மாதம் 23-ஆம் தேதி நள்ளிரவு கடந்த வேளையில், வடமேற்கு தில்லியின் கிராடியில் ஒரு மூன்று மாடி வீட்டில் தீப்பிடித்தது. அங்கீகாரமற்ற குடியிருப்புகள் நெருங்கிக் கிடக்கும் பகுதி அது. கீழ்த்தளத்தில் துணிக் கிடங்கு, மேலே குடித்தனங்கள், ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. குழந்தைகள் உள்பட 9 பேர் உயிரிழந்தனர். பதினைந்து நாள் இடைவெளியில் நடந்த இவ்விரு விபத்துகளையும் அவற்றுக்கு நடுவே நின்ற சட்டத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. வீட்டுக்கு உரிமை தரும் அரசு, அந்த வீட்டுக்குத் தீயணைப்பு வண்டி போகும் வழி இருக்கிறதா என்று ஏன் கேட்பதே இல்லை?

எத்தனை மீட்டர் தேவை?

தீயணைப்பு வண்டி ஒரு லாரி. அகலம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர், தண்ணீர் நிரம்பிய நிலையில் எடை பல டன். நான்கு மீட்டர், அதாவது 13 அடித் தெருவில் அது நுழைந்துவிடும் என்று கணக்குப் போடலாம். ஆனால் இரு பக்கமும் மிஞ்சுவது முக்கால் மீட்டர்தான். கதவைத் திறந்து வீரர்கள் இறங்க வேண்டும். பக்கவாட்டுப் பெட்டிகளைத் திறந்து குழாய்களை எடுக்க வேண்டும். பின்னால் வரும் வண்டி முந்திச் செல்லவோ, தண்ணீர் தீர்ந்த வண்டி திரும்பிப் போகவோ இடம் வேண்டும். உயர் ஏணி வண்டியின் நிலை இன்னும் கடினம். பக்கவாட்டுக் கால்களை விரித்து ஊன்றாமல் அது ஏணியை உயர்த்த முடியாது.

இந்திய தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு இதையெல்லாம் கணக்கில் கொண்டே எழுதப்பட்டது. உயரமான கட்டடம் நிற்கும் தெரு 12 மீட்டருக்குக் குறையக் கூடாது. அத்தெருவின் ஒரு முனையேனும் 12 மீட்டருக்குக் குறையாத மற்றொரு தெருவில் சேர வேண்டும். 30 மீட்டர் வரை உயரமுள்ள குடியிருப்புகளைத் தவிர மற்றவற்றுக்குத் தெரு முட்டுச்சந்தாக முடியக் கூடாது. வளாக நுழைவாயில் நாலரை மீட்டருக்குக் குறையக் கூடாது. மேலே வளைவு கட்டினால் 5 மீட்டர் உயரம் விட வேண்டும். கட்டடத்தைச் சுற்றி விடப்படும் வெளியில் வாகனங்களை நிறுத்தக் கூடாது. உயர்ந்த அடுக்குமாடிகளைச் சுற்றியுள்ள பாதை 45 டன் எடையைத் தாங்க வேண்டும்.

சாதாரண மனைப் பிரிவுகளுக்கும் விதி உண்டு. அதன் தர்க்கம் எளிமையானது: தெரு நீள நீள அகலமும் கூட வேண்டும். 6 மீட்டர் அகலத் தெரு 75 மீட்டர் நீளம் வரைதான் ஓடலாம். 150 மீட்டர் நீளம் என்றால் ஏழரை மீட்டர் அகலம், 250 மீட்டர் என்றால் 9 மீட்டர். நீளமான தெருவில் வீடுகள் அதிகம். நடுவில் ஒரு வண்டி பழுதாகி நின்றால் சிக்கிக்கொள்ளும் உயிர்களும் அதிகம்.

தில்லியின் அங்கீகாரமற்ற குடியிருப்புகளில் நிலைமை இதற்கு நேர்மாறு. தெற்கு தில்லியின் சங்கம் விஹாரையே எடுத்துக்கொள்வோம். பிரதான சாலையிலிருந்து உள்ளே செல்லச் செல்லத் தெரு குறுகுகிறது; கிளைச் சந்து அதனினும் குறுகல்; அதன் கிளை இரண்டு மோட்டார் சைக்கிள்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டிய அளவு. தரையில் இருக்கும் அகலம் மேலே இருப்பதில்லை. முதல் மாடியிலிருந்து 'சஜ்ஜா' எனப்படும் நீட்சி தெருவின் மேல் இரு புறமும் நீண்டு, எதிரெதிர் வீட்டார் கை கொடுக்கும் தூரத்தில் நிற்கிறது. அவற்றிடையே மின்கம்பிகளும் கேபிள்களும் பந்தலாகத் தொங்குகின்றன. நான்கு மீட்டர் தெருவில் இரு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் நீட்சி இருந்தால் வண்டியின் தலை மட்டத்தில் மிஞ்சுவது இரண்டு மீட்டர். வண்டியின் அகலமோ இரண்டரை. ஐந்தாம் வகுப்புக் கணக்கு இது.

29 மனைகளின் கதை

இந்தத் தெருக்கள் தானாகக் குறுகவில்லை, குறுகலாகவே பிறந்தவை. விளைநிலத்தை மொத்தமாக வாங்கும் மனை வியாபாரி, சுண்ணாம்புக் கோடு கிழித்து, 25 கஜம், 50 கஜம், 100 கஜம் எனத் துண்டு போட்டு விற்கிறார். ஓர் ஏக்கர் என்பது 4,840 சதுர கஜம். முறையான மனைப் பிரிவில் சாலை, பூங்கா, பள்ளி போன்ற பொதுப் பயன்களுக்குப் பத்தில் நான்கு பங்கு போகும் என்று வைத்துக்கொண்டால், விற்பனைக்கு மிஞ்சுவது 2,904 சதுர கஜம். பத்தில் ஒரு பங்கை மட்டும் சந்துக்கு விட்டால் 4,356 சதுர கஜத்தை விற்கலாம். வித்தியாசம் 1,452 சதுர கஜம். 50 கஜ அளவில் 29 மனைகள். ஏக்கருக்கு 29 மனைகளின் விலை, தீயணைப்பு வண்டி போக வேண்டிய வழியிலிருந்து எடுக்கப்பட்ட பணம்.

வாங்குபவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தில்லி வளர்ச்சி ஆணையத்தின் வீட்டுக்கு விண்ணப்பித்துக் குலுக்கலுக்குக் காத்திருக்கவோ, அங்கீகாரம் பெற்ற காலனியில் வாங்கவோ வசதியில்லாத தொழிலாளி, பொது அதிகார ஆவணத்தின் பேரில் 50 கஜம் வாங்குகிறார். அத்தகைய ஆவணத்தால் உரிமை மாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் விற்பனை நின்றுவிடவில்லை. முதலில் ஒரு அறை, பிறகு மாடி, மகன் திருமணத்துக்கு இன்னொரு மாடி, வாடகைக்காக மற்றொன்று. பத்து ஆண்டுகளில் நான்கு தளங்கள் எழுந்துவிடும். அதற்குப் பின் அந்தத் தெருவை ஓரடி அகலப்படுத்த வேண்டுமானாலும் இரு பக்கமும் வீடுகளை இடித்தாக வேண்டும். எந்தக் கட்சி துணியும்?

அதாவது, தெருவின் அகலம் ஒரே ஒரு நாளில் முடிவாகிறது. சுண்ணாம்புக் கோடு கிழிக்கப்படும் நாள் அது. அதற்குப் பின் வருவன எல்லாம், கட்டட விதி, தீயணைப்புச் சான்று, சொத்துரிமை ஆகிய எதுவுமே, அந்தக் கோட்டை நகர்த்துவதில்லை.

கட்டட நிலையிலும் வலை ஓட்டையாகத்தான் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் தில்லி தீயணைப்புப் பணி விதிகளின்படி, 15 மீட்டருக்கு மேற்பட்ட உயரமோ, தரைத்தளத்தின் மேல் நான்கு தளங்களோ உள்ள குடியிருப்புக் கட்டடங்களுக்கே தீயணைப்புத் துறையின் சான்று கட்டாயம். அதற்குக் கீழே நிற்கும் வீட்டின் வாசலுக்கு வண்டி வருமா என்று தீயணைப்புத் துறை பார்ப்பதற்குச் சட்டப்படி வாய்ப்பே இல்லை. அதற்கு மேலே எழும் வீடுகளோ, வரைபட அனுமதியே பெறாதவை. அனுமதி கேட்காத கட்டடத்துக்குச் சான்று யார் கொடுப்பது, யார் மறுப்பது?

மன்னிப்பின் வரலாறு

அங்கீகாரமற்ற குடியிருப்புகளை முறைப்படுத்துவது தில்லியில் ஓர் அரசியல் திருவிழா. 1957-இல் தில்லி வளர்ச்சி ஆணையம் அமைந்தது. 1962-இல் முதல் பெருந்திட்டம் வந்தது. திட்டம் வருவதற்கு முன்பே, 1961-இல், 110 குடியிருப்புகள் அடையாளம் காணப்பட்டு 103 முறைப்படுத்தப்பட்டன. 1977-இன் கொள்கைப்படி 607 குடியிருப்புகள் பட்டியலிடப்பட்டு 567 முறைப்படுத்தப்பட்டன. 2008-இல் தேர்தலுக்கு முன்பாக 1,218 குடியிருப்புகளுக்குத் தற்காலிகச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. 2012-இல் 895 குடியிருப்புகள் பற்றிய அறிவிப்பு. 2019-இல் 1,731. ஒவ்வொரு முறையும் இதுவே கடைசி என்று சொல்லப்பட்டது; ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை கூடியே வந்தது.

இடையில் இன்னொரு காப்பு. 2006-இல் ஓராண்டுக்கென்று கொண்டுவரப்பட்ட தில்லி சட்டங்கள் (சிறப்பு விதிகள்) சட்டம், பின்னர் புதுப்புது வடிவங்களில் நீட்டிக்கப்பட்டுக்கொண்டே வந்தது. விதிமீறிய கட்டடங்களை இடிப்பதிலிருந்தும் முத்திரையிடுவதிலிருந்தும் காப்பது அதன் நோக்கம். 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் அதன் ஆயுளை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தது. குடியிருப்புகளைக் கணக்கில் கொள்ளும் கெடு தேதியும் நகர்ந்தது: முன்பு 2002 மார்ச் 31, பின்னர் 2014 ஜூன் 1. இன்று வயலில் கோடு கிழிக்கும் வியாபாரிக்கு இதிலிருந்து கிடைக்கும் செய்தியை விளக்க வேண்டியதில்லை.

ஏழைகளின் வீட்டை இடிக்காமல் காப்பது தவறன்று. லட்சக்கணக்கானோர் வாழும் பகுதிக்குக் குடிநீரும் சாக்கடையும் சொத்துரிமையும் கிடைக்கத்தான் வேண்டும். அதை மறுப்போர் பெரும்பாலும் நல்ல காலனிகளில் வசிப்போர். குறை வேறிடத்தில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தருவது மனையின் மீதான உரிமையை மட்டுமே. கட்டடத்தை அது முறைப்படுத்தவில்லை. தெரு, பூங்கா, சமுதாயக் கூடம் ஆகியவற்றுக்கான பகுதித் திட்டம் பிறகு தயாராகும் என்று விடப்பட்டது. மனையின் எல்லைக்குப் பத்திரம் பதிவான பின்பு, அதே எல்லையிலிருந்து இரண்டடி கேட்கும் திட்டத்துக்கு யார் இணங்குவார்? பத்திரம் கொடுக்கும் கைதான் பேரம் பேச வலுவுள்ள கை. அந்த வலுவை அரசு முதலிலேயே கைவிட்டுவிட்டது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இக்கதை அந்நியமன்று. அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததும், 2017-இல் வரன்முறை விதிகள் வந்ததும் பலருக்கும் சொந்த அனுபவமாக இருக்கும்.

பொறுப்பு யாருடையது என்று தேடினால் தலைநகரில் தலை சுற்றும். நிலமும் திட்டமிடலும் மத்திய அரசின் கீழுள்ள தில்லி வளர்ச்சி ஆணையத்திடம். தீயணைப்புத் துறை தில்லி அரசிடம். தெருவும் வரைபட அனுமதியும் மாநகராட்சியிடம். 60 அடியும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலைகள் 2012 முதல் தில்லி அரசின் பொதுப்பணித் துறையிடம். விளைநிலம் துண்டாடப்படுவதைக் கவனிக்க வேண்டியது வருவாய்த் துறை. அதைத் தடுத்து நிறுத்த வேண்டுமானால் காவல்துறை வேண்டும். அதுவோ மத்திய உள்துறையின் கீழ். அரசமைப்புச் சட்டத்தின் 12-ஆவது அட்டவணை தீயணைப்பை நகராட்சிகளின் பணியாகக் குறிப்பிடுகிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்போ பரிந்துரை மட்டுமே. மாநிலங்கள் தம் விதிகளில் சேர்த்தால்தான் அதற்கு உயிர். இத்தனை வாசல்களில் எந்த வாசலும் அந்த 13 அடித் தெருவுக்குத் தன்னுடையது என்று பெயர் சொல்லிக்கொள்வதில்லை.

திட்டமிட்ட காலனிகள் மட்டும் என்ன?

அகலமான சாலையோடு பிறந்த காலனிகளும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. தில்லியின் நடுத்தர வர்க்கக் காலனிகளில் தெருமுனைதோறும் இரும்புக் கதவுகள். திருட்டுப் பயத்தால் குடியிருப்போர் நலச் சங்கங்கள் அமைத்தவை. நான்கு வழிகளில் மூன்றை இரவில் பூட்டிவிட்டு ஒன்றில் மட்டும் காவலாளி உட்காருவது வழக்கம். 101-ஐ அழைத்தவர் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வண்டி நேரே வரும். தீப்பிடித்த வீட்டிலிருந்து பேசுபவருக்கு அது நினைவிருக்குமா?

அடுத்தது கார். வீட்டுக்கு ஒரு கார் என்ற கணக்கில்கூட அமைக்கப்படாத தெருக்களில் வீட்டுக்கு இரண்டு, மூன்று கார்கள் நிற்கின்றன. 9 மீட்டர் தெருவின் இரு பக்கமும் கார்கள் நின்றால் நடுவில் மிஞ்சுவது அங்கீகாரமற்ற குடியிருப்பின் சந்து அளவுதான். 2019-இல் உச்ச நீதிமன்றத்தின் வலியுறுத்தலுக்குப் பின் அறிவிக்கப்பட்ட தில்லி வாகன நிறுத்த விதிகள், குடியிருப்புத் தெருக்களில் ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, காவல் வாகனம் ஆகியவை தடையின்றிச் செல்ல ஒரு தடமேனும் விடப்பட வேண்டும் என்கின்றன. மாலை எட்டு மணிக்கு மேல் எந்தக் காலனியிலும் நுழைந்து, அந்தத் தடத்தைத் தேடிப் பார்க்கலாம்.

கூட்டுறவு அடுக்குமாடி வளாகங்களில், கட்டடத்தைச் சுற்றித் தீயணைப்பு வண்டிக்கென விடப்பட்ட பாதையிலேயே மஞ்சள் கோடு போட்டு, எண் எழுதி, கார் நிறுத்துமிடமாக ஒதுக்கியிருப்பதையும் காணலாம். சான்று பெறும் நாளில் பாதை. மறுநாள் முதல் நிறுத்துமிடம்.

கார் கீழே, வீடு மேலே என்ற 'ஸ்டில்ட்' அமைப்பிலும் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 2024 மார்ச் மாதம் ஷாதராவின் சாஸ்திரி நகரில், ஒரு குடியிருப்பின் கீழ்த்தள வாகன நிறுத்துமிடத்தில் அதிகாலையில் பற்றிய தீயின் புகை மேல்தளங்களுக்கு ஏறியது. இரு குழந்தைகள் உள்பட 4 பேர் இறந்தனர். இத்தகைய வீடுகளில் வெளியேற இருக்கும் ஒரே படிக்கட்டு அந்த நிறுத்துமிடத்தில்தான் வந்து முடிகிறது. மேலே சிக்கியவரை வெளிப்புறமாக இறக்க ஏணி வேண்டும். ஏணிக்குத் தெரு வேண்டும்.

இயந்திரம் தெருவை அகலப்படுத்துமா?

2022 நவம்பர் 24-ஆம் தேதி இரவு சாந்தினி சௌக்கின் பகீரத் பேலஸ் மின்பொருள் சந்தையில் பிடித்த தீ, நாள்கணக்கில் கனன்றது. நாற்பது வண்டிகள் வரை வந்தும் சந்துகளின் குறுக்கமும் தொங்கும் கம்பிகளும் வழிமறித்தன. இரவு நேரமாதலால் உயிர்ச்சேதம் தவிர்ந்தது. ஏராளமான கடைகள் சாம்பலாயின, கட்டடங்கள் சரிந்தன.

அதே ஆண்டு மே மாதத்தில், தொலைவிலிருந்து இயக்கும் இரு தீயணைப்பு ரோபோக்களைத் தில்லி அரசு அறிமுகப்படுத்தியிருந்தது. குறுகிய சந்துகளுக்காகவே வாங்கப்பட்டவை. சிறு வண்டிகளும், தண்ணீரை நுண்துளிகளாகப் பீய்ச்சும் கருவி பொருத்திய மோட்டார் சைக்கிள்களும் பல நகரங்களில் வந்துள்ளன. மாநிலங்களில் தீயணைப்புத் துறையை விரிவாக்க ரூ. 5,000 கோடித் திட்டத்தை 2023-இல் மத்திய அரசு அறிவித்தது. இவையெல்லாம் தேவைதான். முதல் பத்து நிமிடங்களில் ஒரு மோட்டார் சைக்கிள் சென்று சேர்வது பெரிய உதவி. ஆனால் சிறு வண்டி சுமக்கும் தண்ணீரும் சிறிது. மூன்றாம் மாடி ஜன்னலில் நிற்பவரை அது இறக்காது. மயங்கியவரைக் கொண்டுசெல்ல ஆம்புலன்ஸையும் அழைத்து வராது.

தெருவையே அகலப்படுத்த முடியாதா? முடியும் என்று ஓர் ஊர் காட்டியிருக்கிறது. ஆனால் அதற்கு அது கொடுத்த விலை பயங்கரமானது. 2001 ஜனவரி 26-ஆம் தேதி பூகம்பத்தில் குஜராத்தின் பூஜ் நகரம் சிதைந்தது. மதில் சூழ்ந்த பழைய நகரின் சந்துகளில் இரு பக்கத்து வீடுகளும் சரிந்து விழுந்து வழியை அடைத்துக்கொண்டதால், மீட்புப் பணியாளர்களும் இயந்திரங்களும் உள்ளே நுழைய முடியாமல் தவித்தனர். இடிபாடுகளுக்குள் உயிரோடு இருந்தவர்களுக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியமாக இருந்த வேளை அது. மறுகட்டுமானத்தின்போது, பழைய சந்துகளின் மீதே மீண்டும் ஊரைக் கட்டக் கூடாது என்று திட்டமிடுவோர் பிடிவாதமாக நின்றனர். மனைகளை மறுசீரமைத்து, ஒவ்வோர் உரிமையாளரின் மனையிலிருந்தும் ஒரு பகுதி சாலைக்கு எடுக்கப்பட்டது. சிறிய மனையிலிருந்து குறைந்த விகிதம். பெரிய மனையிலிருந்து கூடுதல் விகிதம். வாக்குவாதங்களும் ஆட்சேபங்களும் இல்லாமல் அது நடந்துவிடவில்லை. ஆயினும் பழைய நகருக்குள் வண்டிகள் சுற்றிவரக்கூடிய சாலை வலைப்பின்னல் உருவாயிற்று.

குஜராத்துக்கு இந்த முறை அந்நியமாக இல்லாததே அதற்குக் காரணம். 1915-ஆம் ஆண்டின் பம்பாய் நகரத் திட்டமிடல் சட்டத்திலிருந்தே தொடரும் வழி அது; பின்னர் மாநிலத்தின் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. நகர விளிம்பிலுள்ள வயல்களை ஒன்றுசேர்த்து, முதலில் சாலையை வரைந்து, மிஞ்சிய நிலத்தை ஒழுங்கான மனைகளாக உரிமையாளர்களுக்கே திருப்பித் தருவது அதன் சாரம். உழவர் நிலத்தின் பரப்பில் இழக்கிறார். சாலை வந்ததால் மதிப்பில் பெறுகிறார். எல்லா இடத்திலும் இது குறையின்றி நடந்ததென்று சொல்ல முடியாது. ஆனால் சாலை முதலில், வீடு பிறகு என்ற வரிசை மாறுவதில்லை.

வயல்களில் இன்று

தில்லியும் 2018 அக்டோபரில் இதையொத்த நிலத் தொகுப்புக் கொள்கையை அறிவித்தது. நகரின் வெளிவட்டத்திலுள்ள 95 கிராமங்கள் அதில் அடங்கும். 17 லட்சம் வீடுகள் எழும் என்று கணக்கிடப்பட்டது. ஒரு பிரிவில் 70 சதவீத நிலம் தொடர்ச்சியாகச் சேர வேண்டும். உரிமையாளர்கள் 60 சதவீதத்தைத் தாங்களே மேம்படுத்தலாம். சாலை உள்ளிட்ட பொதுப் பயன்களுக்கு 40 சதவீதம் ஆணையத்திடம் போகும். காகிதத்தில் இது குஜராத்தின் தம்பி. நடைமுறையில் அந்த 70 சதவீதம் என்ற நிபந்தனையில் சிக்கி ஆண்டுக்கணக்கில் ஊர்ந்தது. இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் உழவருக்குப் பத்தாண்டு காத்திருந்து மனை வாங்குவதைவிட, இன்றே பணத்தோடு வரும் மனை வியாபாரி மேல் என்று தோன்றினால் வியப்பில்லை.

இந்த இடைவெளியைச் சுருக்கச் செலவு அதிகம் பிடிக்காது. நிலத் தொகுப்பு தாமதமாகும் பிரிவுகளிலும் பிரதான சாலைகளுக்கும் அவற்றைச் சேரும் 9 மீட்டர் தெருக்களுக்கும் உரிய கோடுகளை முதலிலேயே வரைந்து, கல் நட்டு, வருவாய்ப் பதிவேட்டில் ஏற்றிவிடலாம். அந்தக் கோட்டின் மேல் விழும் மனைக்கு மின் இணைப்பு கிடையாது என்று அறிவிக்கலாம். ஏற்கெனவே எழுந்துவிட்ட குடியிருப்புகளில், சொத்துப் பத்திரத்துக்கு விண்ணப்பிப்பவரிடம் தெருவின் மேல் நீட்டியுள்ள சஜ்ஜாவை அகற்றச் சொல்லலாம். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு தெருவை மட்டுமாவது தீயணைப்பு வழியாகக் குறித்து, அதில் இடமிழப்போருக்கு மட்டும் இழப்பீடு தரலாம். நகரம் முழுவதையும் இடிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு நூறு மீட்டர் தூரத்துக்குள் ஒரு வண்டி வந்து நின்றால், குழாயை இழுத்துச் சென்று மற்றதை வீரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நஜஃப்கட் பக்கமும் நரேலா பக்கமும் சாலையோரச் சுவர்களில் தவணை முறை மனை விளம்பரங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. கோதுமை விளைந்த நிலத்தில் முழங்கால் உயரச் செங்கல் வரிசைகள் மனையெல்லைகளைக் காட்டுகின்றன. இரண்டு வரிசைகளுக்கு நடுவே விடப்பட்டுள்ள மண்பாதைதான் நாளைய தெரு. வீடு ஒன்றும் இன்னும் எழும்பாததால், அதை இன்றைக்கு அகலப்படுத்த ஒரு மண்வெட்டி போதும்.